கிருமி எதற்கும் பழகாது: வாசகர் கேள்வி-பதில்

கே: பாக்டீரியா ஏன் இவ்வளவு சின்னது? (பெரம்பூர்)

ப: அதற்குக் குடலும் கிடையாது, ரத்த ஓட்டமும் கிடையாது. உள்ளே வந்த சத்து தானாகப் பரவித்தான் மூலைமுடுக்கெல்லாம் போக வேண்டும். தூரம் 10 மடங்கானால் ஆகும் நேரம் 100 மடங்கு. கரீபியன் தீவான குவாடலூப்பின் அலையாத்திக் காட்டில் கிடைத்து 2022-இல் அறிவிக்கப்பட்ட தயோமார்கரிட்டா மாக்னிஃபிகா என்ற பாக்டீரியா 1 செ.மீ. இருக்கிறதே என்று சண்டைக்கு வராதீர்கள், அதன் உடம்பில் முக்கால்வாசி வெறும் நீர்ப்பை, உயிர்ச்சரக்கெல்லாம் ஓரத்தில் தோல்போல ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கே: நீந்திக்கொண்டிருக்கும் ஈ.கோலை (நம் குடலில் வாழும் பாக்டீரியா) வாலைச் சுழற்றுவதை நிறுத்தினால் எவ்வளவு தூரம் சறுக்கும்? (அடையாறு)

ப: ஓர் அணுவின் அகலம்கூடச் சறுக்காது. அந்த அளவில் தண்ணீரே தார்தான்.

கே: மாங்காய் ஊறுகாயில் உப்பைக் குறைத்தேன், பூசணம் பூத்துவிட்டது. ஏன்? (மயிலாப்பூர்)

ப: பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். உப்பு தூக்கலாக இருந்தால் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் வெளியேறி வளர்ச்சி நின்றுவிடும். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னால் ஊறுகாயைக் குறையுங்கள், ஊறுகாயின் உப்பை அல்ல.

கே: மருந்துக்குக் கிருமி பழகிவிடும் என்று ஆன்டிபயாடிக்கை 2 நாளில் நானே நிறுத்திவிட்டேன். சரிதானே? (தாம்பரம்)

ப: சரியில்லை. இந்தப் 'பழகிவிடும்' மாதம் ஒரு கடிதத்திலாவது வந்துவிடுகிறது. ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்குள் சுமார் 20 அட்மாஸ்பியர் அழுத்தம், கார் டயரைப் போல 10 மடங்கு. அதைத் தாங்கிப் பிடிப்பது செல்சுவர். பென்சிலின் வகை மருந்து அந்தச் சுவரை ஒழுங்காகக் கட்ட விடாது. ஈ.கோலைக்கு அந்த வகை மருந்தான ஆம்பிசிலினை விட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்: கிழிந்த டயரில் சைக்கிள் ட்யூப் பிதுங்குவதுபோல இடுப்பில் ஒரு குமிழ் கிளம்பும், கொஞ்ச நேரத்தில் வெடித்து நிழல்போல வெறும் கூடு நிற்கும். செத்தது எங்கே பழகுவது? கோடிக்கணக்கானவற்றில் ஒன்றிரண்டு, டி.என்.ஏ. நகலில் விழுந்த பிழையால், மருந்தைப் பார்ப்பதற்கு முன்பே தப்பிக்கும் வழியோடு பிறந்திருக்கும். மற்றவை காலி செய்த இடத்தில் அவை பெருகும், அவ்வளவுதான். எதிர்ப்பு இப்படி முன்கூட்டியே வருவதை, பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸை வைத்து லூரியா, டெல்புரூக் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1943-லேயே காட்டிவிட்டார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், மிச்ச மாத்திரையை அடுத்த ஜுரத்துக்கு எடுத்து வைக்காதீர்கள். நூறாவது முறையாகச் சொல்கிறேன்.

கே: டெங்கு வைரஸின் செல்சுவர் எவ்வளவு தடிமன்? (பெயர் இல்லை)

ப: வைரஸ் செல்லே இல்லை, சுவருக்கு எங்கே போவது? அதனால்தான் மேலே சொன்ன மாத்திரை டெங்குவிடம் பலிக்காது.