அணிவகுப்புப் படங்களில் முகங்கள் இருண்டு போவது பற்றி

வணக்கம். அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பழைய மாணவர்களை வரவேற்கும் ஹோம்கமிங் விழா அணிவகுப்பில் வாத்தியக் குழுவினரின் முகங்கள் தொப்பி நிழலில் இருண்டும், வீசி நடக்கும் கால்கள் கலங்கியும் பதிவாகின்றன என்று எழுதியிருந்தீர்கள். இலையுதிர்காலக் காலை வெயில் சாய்வாக விழுவதால், அவர்கள் வெயிலை நோக்கித் திரும்பும் தெருமுனையில் முன்கூட்டியே இடம்பிடித்து நின்றால், அது தொப்பி விளிம்பிற்கு அடியிலும் புகுந்து கண்களை எட்டும். கால்கள் கலங்காதிருக்க, ஷட்டர் வேகம் 1/500 நொடிக்குக் குறையாதபடி (அதாவது ஒளி உள்ளே விழும் நேரம் அதைவிட நீளாதபடி) பார்த்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) தானியங்கியில் விட்டு, ஒளியளவை முகத்தில் வைத்தே அளந்துகொள்ளுங்கள். டிராம்போன் என்ற ஊதுகருவியின் பித்தளைப் பளபளப்பு சற்று வெளுத்துப்போனாலும் பரவாயில்லை. வாசிப்பவரின் முகம்தான் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. நண்பர்களின் குழுப்படத்தை, 1892ஆம் ஆண்டுத் தீவிபத்தில் பல்கலைக்கழகக் கட்டடம் அழிந்தபின் வளாகத்தில் எஞ்சி நிற்கும் ஆறு தூண்களுக்கு முன்னால், உச்சிவெயிலைத் தவிர்த்து மாலையில் எடுங்கள்.