தொழில்நுட்பச் செய்தித் தளங்களில் தவறுகள் ஏன் கூடிக்கொண்டே போகின்றன?

எழுதுபவர்களுக்கு விஷயம் தெரியவில்லை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது முக்கியக் காரணமாகத் தோன்றவில்லை. ஒரு தளத்தில் வந்ததைப் பத்துத் தளங்கள் மாற்றி எழுதுகின்றன, மூலத்தில் போய் விசாரிக்க ஆளில்லை. கோளாறு அங்கேதான்.

2024 பிப்ரவரியில் சுற்றிய டூத்பிரஷ் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 லட்சம் ஸ்மார்ட் டூத்பிரஷ்களை ஹேக்கர்கள் வசப்படுத்தி, அவற்றிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் குவித்து, ஒரு சுவிஸ் நிறுவனத்தின் இணையதளத்தை நான்கு மணி நேரம் முடக்கினார்களாம். முதலில் போட்டது ஒரு சுவிஸ் நாளிதழ். சில நாட்களில் பிரபல டெக் தளங்களும் அப்படியே எடுத்துப் போட்டன. பிரஷ்ஷைத் தயாரித்தது யார், என்ன மாடல், முடங்கிய தளம் எது, ஒன்றுமே அதில் இல்லை. போதாததற்கு, இந்த வகை பிரஷ்கள் பெரும்பாலும் புளூடூத்தில் போனோடு மட்டும் பேசுபவை. நேராக இணையத்துக்குப் போவதே இல்லை. அப்புறம்தான், தகவல் தந்த ஃபோர்டிநெட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் அது வெறும் கற்பனை உதாரணம் என்றது. நாளிதழோ, நிஜச் சம்பவமாகத்தான் எங்களிடம் சொன்னார்கள் என்றது. யார் சொல்வது சரியோ! எடுத்துப் போட்டவர்களில் ஒருவராவது "எந்த பிரஷ்?" என்று கேட்டிருந்தால் கதை அன்றைக்கே முடிந்திருக்கும்.

ஏஐ வந்த பிறகு, எழுதவும் ஆள் வேண்டாம் என்றாகிவிட்டது. சிநெட் என்ற அமெரிக்க டெக் செய்தித் தளம் 2022 நவம்பரிலிருந்து ஏஐ-யை வைத்து எழுதிய 77 கட்டுரைகளில் 41-க்குத் திருத்தம் போட வேண்டியிருந்தது. 10,000 டாலரை 3 சதவீத வட்டியில் போட்டால் முதல் ஆண்டில் 10,300 டாலர் சம்பாதிக்கலாம் என்றது ஒரு கட்டுரை. வட்டி வெறும் 300 டாலர்தான். இத்தனைக்கும், ஆசிரியர்கள் சரிபார்த்த பிறகே வெளியிடுகிறோம் என்று வேறு சொன்னார்கள்.

முன்பு தவறே வரவில்லையா என்றால், தாராளமாக வந்தது. மெகாபிட்டையும் மெகாபைட்டையும் குழப்புவது (இரண்டும் தரவை அளக்கும் அலகுகள், எட்டு மடங்கு வித்தியாசம்!) இன்று நேற்றுத் தொடங்கியதல்ல. ஆனால் இப்போது, மூலக் கட்டுரையைத் திருத்தினாலும் அதைப் பார்த்து எழுதிய மற்ற தளங்களில் பழைய தவறு அப்படியே கிடக்கிறது. தேடினால் அவைதான் முதலில் வருகின்றன. பத்து இடத்தில் பார்த்தவருக்குப் பத்துச் சாட்சி கிடைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

ஹேக்கிங் செய்தி என்றால் நான் சாதனத்தின் பெயரையும் ஹேக்கிங்கைக் கண்டுபிடித்தவரின் பெயரையும்தான் முதலில் தேடுவேன். இரண்டும் இல்லையென்றால் மேற்கொண்டு படிப்பதில்லை, எத்தனை தளத்தில் வந்திருந்தாலும் சரி.