402-இல் 167 போனால் 365? கணக்கில் பிள்ளை தடுமாறும் இடம்: கேள்வி பதில்

ஆறாம் வகுப்புப் பையன் 402 − 167 = 365 என்று எழுதுகிறான். கவனக்குறைவா சார்?

கவனமாகத்தான் செய்திருக்கிறான். ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான்: 7−2, 6−0, 4−1. இதே பழக்கம்தானா என்று பார்க்க 52 − 27 கொடுங்கள். 35 என்று எழுதினால் சந்தேகமே வேண்டாம். 25 சரியாக வந்தால் கடன் வாங்கத் தெரியும், நடுவில் பூஜ்ஜியம் வந்தால்தான் குழம்புகிறான்.

402 − 167-க்கு 335 எழுதுகிறவன் வேறு ரகம். பூஜ்ஜியத்தை 9 ஆக்கிவிட்டு, நூறுகளில் ஒன்றைக் குறைக்காமல் விட்டிருக்கிறான். மூவருக்கும் ஒரே 'கழித்தல் பயிற்சி' கொடுத்தால் தவறுதான் இன்னும் பழகும். விளையாட்டு ரூபாய் நோட்டில் நான்கு நூறும் இரண்டு ஒரு ரூபாயும் கொடுத்து, 167 கேளுங்கள். சில்லறை மாற்றாமல் தர முடியாது என்பது கையிலேயே தெரியும்.

என் மகள் வாய்ப்பாடு மளமளவென்று சொல்வாள். வாழ்க்கைக் கணக்கு என்றால் அப்படியே நின்றுவிடுகிறாள்.

ஆஸ்திரேலியாவில் கல்வியாளர் ஆன் நியூமன் 1977-இல் வெளியிட்ட ஐந்து படி முறை இதற்குக் கச்சிதம். 'ஒரு நோட்டு 35 ரூபாய். 6 நோட்டு வாங்கி 500 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு?' என்று எழுதிக் கொடுத்து, வரிசையாகக் கேளுங்கள்: வாசித்துக் காட்டு. என்ன கேட்கிறார்கள்? எப்படிப் போடுவாய்? போட்டுக் காட்டு. விடையை எழுது. முதலில் எந்தப் படியில் தடுமாறுகிறாளோ அங்கேதான் வேலை.

நீங்கள் வாசித்துக் காட்டியதும் போட்டுவிட்டால் சிக்கல் வாசிப்பில். 210-உடன் நிறுத்தினால் 'என்ன கேட்கிறார்கள்?' என்பதை மறுபடி கேளுங்கள். மீதி என்று சரியாகச் சொன்னால், பெருக்கும்போது அடுத்த படி நினைவிலிருந்து நழுவியிருக்கிறது. படிக்கு ஒரு வரியாக எழுதச் சொன்னால் போதும். இடையில் நீங்கள் உதவிவிட்டால் சோதனை அங்கேயே கெட்டுவிடும். பெற்றோருக்கு இதுதான் கஷ்டம்!

தசமத்தில் எது பெரியது என்று கேட்டால் பாதிப் பேர் சரியாகச் சொல்கிறார்கள். புரிந்துவிட்டது எனலாமா?

எந்த ஜோடி கொடுத்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 4.8, 4.63 என்றால், 63 பெரிது என நினைப்பவன் தவறுவான். ஆனால் 'இலக்கம் கூடினால் மதிப்பு குறையும்' என்று நம்புகிறவன் 4.8 என்று சரியாகவே சொல்லித் தப்பித்துவிடுவான். அவனைப் பிடிக்க 5.736, 5.62 வேண்டும், 5.62 என்பான். இரண்டு வகையிலும் மும்மூன்று ஜோடி கலந்து கொடுங்கள்.

தவறு இருக்கட்டும், பிள்ளையின் பலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

99 × 7 மனக்கணக்காகக் கேளுங்கள். 700-இல் 7 போக 693 என்றால் எண்ணைப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. காற்றில் விரலால் எழுதிப் பெருக்கினால் செய்முறை மட்டும் கைவசம் இருக்கிறது. விடை சரியாக இருந்தாலும் தனியாகக் குறித்து வையுங்கள்.

40 பேர் வகுப்பு. ஒவ்வொருவராக உட்கார்த்திக் கேட்க நேரம் ஏது?

மதிப்பெண்ணை விட்டுவிட்டு, தவறு வகைப்படி தாள்களைப் பிரியுங்கள். பெரும்பாலும் நாலைந்து கட்டுதான் வரும். எதிலும் சேராத தாள்காரர்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள்.