கேழ்வரகு தின்னும் கோழி தோல் முட்டை இடுவது ஏன்?

கேள்வி: மொட்டை மாடியில் தகரக் கூரை வேய்ந்த கூண்டில் நான்கு முட்டைக்கோழிகள் வளர்க்கிறோம். சுண்ணாம்புச் சத்து மிகுந்தது என்று நம்பிக் கேழ்வரகும் சோறும்தான் கொடுக்கிறோம். ஆனால் மூன்று வாரங்களாக மூன்று கோழிகள் மாறிமாறித் தோல் முட்டை இடுகின்றன. நான்காவது முட்டையே இடாமல், அடிவயிறு தொங்க நிமிர்ந்து நிற்கிறது. இது என்ன நோய்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: மூன்று கோழிகளின் சிக்கல் வேறு, நான்காவதன் சிக்கல் வேறு. ஒரே கூண்டில் பல கோழிகள் ஒரே சமயத்தில் தோல் முட்டை இட்டால் முதலில் தீவனத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். கேழ்வரகு நமக்குச் சிறந்த உணவு என்பதில் ஐயமில்லை. ஆயினும் 100 கிராம் கேழ்வரகில் உள்ள சுண்ணாம்புச் சத்து சுமார் 350 மில்லிகிராம் மட்டுமே, முட்டையிடும் கோழிக்கோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கிராம் தேவை. ஓர் ஓட்டுக்கு மட்டும் 2 கிராம் அளவுக்குச் செலவாவதால், பற்றாக்குறையைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஈடுகட்டுகிறது. அதுவும் குறையும்போது, கையில் எடுத்தால் நீர்ப்பை போல அமுங்கும், சவ்வு மட்டுமே மூடிய முட்டை வெளிவருகிறது.

எனவே முட்டைக்கோழிகளுக்கென்று விற்கும் லேயர் தீவனத்தை முதன்மையாகக் கொடுங்கள். கேழ்வரகும் சோறும் ஒரு பிடிக்கு மேல் வேண்டாம். ஓடு உருவாக ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி இரவில் கழிகிறது. ஆகையால் கிளிஞ்சலைப் பொடியாக்காமல் சிறு துண்டுகளாக உடைத்துத் தனிக் கிண்ணத்தில் மாலையில் வைத்தால், அது இரைப்பையில் மெல்லக் கரைந்து விடியும் வரை உதவும். சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வைட்டமின் டி தேவை என்பதால் காலை வெயிலில் சிறிது நேரம் திறந்து விடுங்கள். கோடையில் தகரக் கூரை தகித்துக் கோழிகள் வாய் திறந்து மூச்சிரைத்தாலும் ஓடு மெலியும். கூரை மேல் ஓலையோ சாக்கோ பரப்பலாம். தும்மலும் சுருக்கம் விழுந்த ஓடும் சேர்ந்து தெரிந்தால் தொற்று நோயையும் எண்ண வேண்டும்.

நான்காவது கோழியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மஞ்சள் கரு முட்டைக்குழாயில் இறங்காமல் வயிற்றறையில் விழுந்து சீழ் பிடித்தாலோ, முட்டை வழியில் சிக்கிக்கொண்டாலோ, கோழி இப்படி நிமிர்ந்து நிற்கும். வயிற்றை அமுக்கி முட்டையை வெளியேற்ற முயலாதீர்கள். உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. தாமதிக்காமல் ஹெப்பாளத்தில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமோ கொண்டு செல்லுங்கள். கடைசியாக முட்டையிட்ட நாளையும் எச்சத்தின் நிறத்தையும் குறித்துக்கொண்டு போனால் அவருக்கு உதவியாக இருக்கும்.