ஸ்க்ரம்-ஹாஃப் சம்பளத்தில் தென்னந்தோப்பு வாங்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. இங்கிலாந்தில் என் தங்கை வீட்டில் தங்கிப் பள்ளி, கல்லூரி முடித்தான். அங்கேயே ஒரு ரக்பி கிளப் அவனை ஸ்க்ரம்-ஹாஃபாக (பந்தெடுத்துப் பாஸ் போடும் 9-ஆம் எண் ஆட்டக்காரராக) எடுத்திருக்கிறது. 2 வருட ஒப்பந்தம், வருடம் 40,000 பவுண்ட். ஆனைமலைப் பக்கம் 3 ஏக்கர் தென்னந்தோப்பு விலைக்கு வருகிறது. அவன் பேரில் கிரயம் செய்து, மீதியை அவன் சம்பளத்தில் கட்டலாம் என்றிருக்கிறேன். தெரிந்தவர் நடத்தும் ஏலச்சீட்டில் மாதம் 50,000 ரூபாய் போடவும் யோசனை. சரிதானா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: மகன் பேரில் தோப்பு வாங்க முடியாது. படிக்கப் போனவரையும் ரிசர்வ் வங்கி வெளிநாடுவாழ் இந்தியராகத்தான் கருதுகிறது. ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்ட விதிப்படி அவர் இங்கே வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு கூடாது. பத்திரம் பதியும்போது யாரும் கேட்காமல் விடலாம். பின்னாளில் விற்று, பணத்தை வெளியே அனுப்பப் போனால் வங்கி கேட்கும்.

அவர் பணம் தந்து நீங்கள் உங்கள் பேரில் வாங்கலாம். அந்தப் பணம் வங்கி வழியாக, எழுத்தில் வைத்த உண்மையான அன்பளிப்பாக வரட்டும். மகன் தகப்பனுக்குத் தருவதற்கு வருமான வரி இல்லை. ஆனால் அதன்பின் தோப்பு உங்களுடையது. உயில் இல்லாவிட்டால் மற்ற பிள்ளைகளுக்கும் பங்குண்டு. "பேருக்குத்தான் நான், சொத்து அவனோடது" என்றால் பினாமிச் சட்டம் குறுக்கே வரும்.

இனி அவர் சம்பளம். 12,570 பவுண்ட் வரை வரியில்லை. மீதி 27,430-க்கு 20% வரி 5,486, 8% தேசியக் காப்பீடு 2,194. ஓய்வூதியப் பிடித்தமும் போனால் கைக்கு மாதம் சுமார் 2,580 வரும். ஓய்வூதியத்திலிருந்து விலக வேண்டாம். விலகினால் கிளப் போடும் 3% போய்விடும். செலவு 1,800 என்று வைத்தால் மிஞ்சுவது 750 சொச்சம். விசா மருத்துவக் கட்டணம் வருடத்துக்கு 1,035 பவுண்ட். அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் பாருங்கள், பலர் பார்ப்பதில்லை.

அந்த 750-ஐ முதல் வருடம் யாரும் தொடக் கூடாது. காரணம் அவர் ஆடும் இடம். 9-ஆம் எண்ணில் களத்தில் ஒருவர், பெஞ்சில் ஒருவர். மூன்றாமவருக்கு ஆட்டமே கிடைக்காது. ஓரத்தில் ஓடும் விங்கில் ஆடுபவர், கடைசியில் நிற்கும் ஃபுல்பேக்குக்கு மாறலாம். ரக்கிலிருந்து (தரையில் கிடக்கும் பந்துக்கு மேல் இரு அணியும் முட்டித் தள்ளும் இடம்) பந்தெடுத்துப் பாஸ் போட்டே வளர்ந்தவருக்கு வேறு இடம் அமைவது அரிது. இங்கிலாந்து ஸ்க்ரம்-ஹாஃப் பென் யங்ஸ் 35 வயதுவரை ஆடி 2025-ல் விடைபெற்றார் என்பது உண்மை, ஆனால் 127 முறை இங்கிலாந்துக்கு ஆடியவரை வைத்து உங்கள் வீட்டுக் கணக்கைப் போட முடியாது. நன்றாக ஆடினாலும் கிளப் மூழ்கலாம். 2022-ல் வொர்ஸ்டர், வாஸ்ப்ஸ் என்ற இரண்டு கிளப்களும் சீசன் நடுவில் பணமில்லாமல் விழுந்தன. 2023-ல் லண்டன் ஐரிஷ். ஸ்பான்சர் செய்த கிளப் போனால் விசாவும் ஆட்டம் காணும், பொதுவாக 60 நாள்தான் அவகாசம். ஆறு மாதச் செலவு 10,800 பவுண்ட். 750 வீதம் சேர 14 மாதமாகும். அது இங்கிலாந்துக் கணக்கிலேயே இருக்கட்டும்.

அடிபட்டால் முழுச் சம்பளம் எத்தனை வாரம், பாதியில் ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை யாருக்கு என்பதைக் கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். இங்கே எடுக்கும் விபத்து பாலிசிகள் பலவற்றில் தொழில்முறை விளையாட்டுக்கு விலக்கு உண்டு. ரக்பி என்று சொல்லாமல் எடுத்தால் பிரீமியம் வீண்.

சீட்டு வேண்டாம். 1982-ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்யாத சீட்டில், நடத்துபவர் எவ்வளவு வேண்டியவரானாலும், பணம் நின்றால் வசூலிக்க வழி குறைவு. மாதம் 50,000 ரூபாய் உங்கள் மகனின் மிச்சத்தில் பாதிக்கு மேல் வேறு. இங்குள்ள அவரது பழைய சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ கணக்காக (வெளிநாடுவாழ் இந்தியர் இங்குள்ள பணத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்றுங்கள். 14 மாதத்துக்குப் பிறகு அனுப்புவதை என்ஆர்இ வைப்பில் (வெளிநாட்டுச் சம்பாத்தியத்துக்கான வைப்பு) போட்டால் வட்டிக்கு வரியில்லை, திரும்ப எடுத்துச் செல்லவும் தடையில்லை.

தோப்பை உங்கள் சொந்தப் பணத்தில் வாங்குவதானால், முன்பணம் கொடுக்கும் முன் வேர் வாடல் நோய் கண்ட மரங்களை ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு விலை பேசுங்கள்.