சமரச மையத்துக்குப் போகச் சொல்கிறார் நீதிபதி: மறுபடி சேர்ந்து வாழ வற்புறுத்துவார்களா?

கேள்வி: எனக்கு 34 வயது. மதுரையில் தனியார் நிறுவனத்தில் வேலை. இரண்டு வருடமாகக் கணவரைப் பிரிந்து பெற்றோர் வீட்டில் இருக்கிறேன். 7 வயது மகள் என்னோடு இருக்கிறாள். அவர் குடும்ப நீதிமன்றத்தில் விவாகரத்து கேட்டு மனு போட்டிருக்கிறார். நான் ஜீவனாம்சம் கேட்டிருக்கிறேன். மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில் 498ஏ (கணவர் வீட்டாரின் கொடுமை) வழக்கும் நடக்கிறது. போன வாய்தாவில் நீதிபதி எங்களைச் சமரச மையத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே சேர்ந்து வாழச் சொல்லி வற்புறுத்துவார்களா? நான் பேசுவது எனக்கே எதிராகத் திரும்புமா? போகாமல் இருந்துவிடலாமா?

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள்.

உங்களை அங்கே அனுப்பியதால் உங்கள் வழக்கு பலவீனமானது என்று நீதிபதி நினைப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆவது பிரிவே முதலில் சமரசத்துக்கு முயற்சி செய்ய வேண்டும் என்கிறது. கணவன் மனைவி வழக்குகளைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றமும் (ஸ்ரீநிவாச ராவ் எதிர் தீபா) வலியுறுத்தியது. நம் மாநிலத்துக்கு இது புதிதும் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005இலேயே சமரச மையம் தொடங்கிவிட்டது. நீதிமன்றம் அனுப்பிப் போகிறவர்கள் அங்கே கட்டணம் எதுவும் தர வேண்டியதில்லை.

சேர்ந்து வாழச் சொல்வார்களா என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று புரிகிறது. ஊரில் பெரியவர்கள் கூடி உட்காரும்போது, "குழந்தைக்காகப் பொறுத்துப் போம்மா" என்பதுதான் பெரும்பாலும் முடிவாக இருக்கும். மையத்தில் பேச்சை நடத்தும் சமரசர் அப்படி முடிவு சொல்கிறவர் அல்ல. தீர்ப்புச் சொல்லவோ யார் பக்கம் தப்பு என்று எழுதவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. சேர வாய்ப்பு உண்டா என்று முதலில் கேட்பார், அது இயல்பு. இல்லை என்பது உங்கள் முடிவானால் முதல் அமர்விலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அப்புறம் பேச்சு, எப்படிக் கௌரவமாகப் பிரிவது என்பதை நோக்கித் திரும்பிவிடும். நான் பார்த்தவரை, சமரசத்தால் அதிகப் பலன் கிடைப்பது இந்த இடத்தில்தான்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். அவர் உங்களை அடித்திருந்தால், இப்போதும் மிரட்டினால், அவர் எதிரில் உட்கார்ந்தால் வாய் திறக்க முடியாது என்றால், அதை முன்கூட்டியே உங்கள் வக்கீல் மூலம் நீதிபதியிடமும் சமரசரிடமும் சொல்லுங்கள். இருவரையும் தனித்தனியாக வைத்துப் பேசுவது வழக்கமான நடைமுறைதான். பயத்தில் போடும் கையெழுத்து சமரசம் ஆகாது. அந்த நிலை மாறவில்லை என்றால் பேச்சை நிறுத்திவிட்டு வழக்கையே நடத்துங்கள். சமரசம் செய்துகொள்ளச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

அங்கே பேசுவது ரகசியம். பேச்சு தோற்றால், "உடன்பாடு ஏற்படவில்லை" என்பதற்கு மேல் சமரசர் நீதிமன்றத்துக்கு எதுவும் எழுதக்கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் (மோதி ராம் எதிர் அசோக் குமார்) சொல்லியிருக்கிறது. "பத்து லட்சத்துக்கு ஒத்துக்கொண்டாளே" என்று அவர் பின்னால் கூண்டில் ஏறிச் சொல்ல முடியாது. அதே போல நீங்களும் போனில் பதிவு செய்யாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம். எதிரில் இருப்பவரின் வருமானம் தெரியாமல் தொகை பேசவே கூடாது. ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அவர் தாக்கல் செய்துவிட்டாரா என்று உங்கள் வக்கீலைக் கேளுங்கள். இல்லையென்றால் அது வரட்டும், அதன் பிறகு தொகை பேசலாம். நீங்களும் மகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, வாடகை என்று மாதக் கணக்கு ஒன்றை எழுதி வையுங்கள். நகைப் பட்டியலும் வேண்டும். எத்தனை பவுன், எது உங்கள் வீட்டில் போட்டது, எது யாரிடம் இருக்கிறது, எது அடகில் இருக்கிறது என்று ரசீது, கல்யாணப் போட்டோ எல்லாவற்றையும் வைத்து எழுதுங்கள். உங்களுக்குப் போட்ட சீதன நகை உங்களுடையது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜீவனாம்சத் தொகையில் கழித்துக்கொள்வதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒப்பந்தம் எழுதும் நாளில் எல்லோருக்கும் அவசரம் வந்துவிடும். ஆனால் பின்னாளில் சண்டை முளைப்பதெல்லாம் அவசரமாக எழுதிய வரிகளில்தான். என்னைக் கேட்டால் மகளைப் பற்றிய பத்தியை முதலில் எழுதச் சொல்வேன். நடைமுறையில் அதைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். "தகப்பனார் அவ்வப்போது குழந்தையைப் பார்க்கலாம்" என்று எழுதினால் அது ஆறே மாதத்தில் புது வழக்காகிவிடும். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எங்கே விடுவது, யார் வந்து கூட்டிப்போவது, தீபாவளி பொங்கலுக்கு யாரோடு, கோடை விடுமுறையில் எத்தனை நாள், வீடியோ காலில் பேச எந்த நேரம் என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். பாஸ்போர்ட்டுக்கும் பள்ளி மாற்றத்துக்கும் யார் கையெழுத்து என்பதையும் சேருங்கள். மகளின் பராமரிப்புத் தொகை உங்கள் தொகையோடு கலக்க வேண்டாம். "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று உங்களுக்காக எழுதிக்கொடுக்கலாம். குழந்தையின் உரிமையை அப்படி எழுதிக்கொடுக்க உங்களுக்கும் உரிமை இல்லை, அவருக்கும் இல்லை. குழந்தை யாரிடம் இருப்பது என்பதும் நிரந்தர முடிவல்ல. அவள் வளர வளர, அவளுடைய நலனைப் பார்த்து நீதிமன்றம் அதை மாற்றலாம்.

இருவர் பெயரிலும் வீட்டுக் கடன் இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. "இனி தவணையை அவரே கட்டுவார்" என்ற வரி உங்கள் இருவருக்குள் செல்லும், வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் கட்டாமல் விட்டால் வங்கி உங்களைத்தான் தேடி வரும். கடனிலிருந்து உங்கள் பெயரை நீக்கியதற்கு வங்கியின் கடிதம் வந்த பிறகே வீட்டில் உங்கள் பங்கை விட்டுக்கொடுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் விவாகரத்து ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நீதிபதியின் தீர்ப்பு வந்தால்தான் ஆகும். நீங்கள் இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வருபவர் என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் 13பி பிரிவின்படி இருவரும் சேர்ந்து பரஸ்பர சம்மத மனு போட வேண்டும். அதற்கு ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அது உங்களுக்கு முடிந்துவிட்டது. மனு போட்ட பின் இன்னும் ஆறு மாதம் காத்திருக்கச் சட்டம் சொல்கிறது. ஒன்றரை வருடத்துக்கு மேல் பிரிந்திருந்து, சேர்த்து வைக்கும் முயற்சிகள் தோற்று, பணம், குழந்தை விஷயங்களும் முடிந்துவிட்டால் அந்த ஆறு மாதத்தை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு வருடமாகப் பிரிந்திருக்கும் நீங்கள் அதைக் கேட்கலாம்.

தீர்ப்பு வரும் வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பணத்தைக் கட்டம் கட்டமாக வைத்துக்கொள்வதுதான் வழக்கம். முதல் கையெழுத்தின்போது ஒரு பங்கு, இறுதி வாக்குமூலத்தின்போது ஒரு பங்கு, 498ஏ வழக்கு ரத்தாகும்போது மீதி என்று டிமாண்ட் டிராஃப்டாக வாங்கலாம். அந்தக் குற்ற வழக்கை நீங்கள் காவல் நிலையத்துக்குப் போய் "வாபஸ்" வாங்க முடியாது. உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். உங்களுக்கு அது மதுரைக் கிளை. அவர் மனு போடுவார், ஆட்சேபணை இல்லை என்று நீங்கள் பிரமாணப் பத்திரம் தர வேண்டும். அந்தப் பத்திரத்தை எந்தத் தேதியில், எந்தத் தொகை கைக்கு வந்த பிறகு தருவீர்கள் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். வெற்றுத் தாளில் முன்கூட்டியே கையெழுத்து கேட்டால், யார் கேட்டாலும் போடாதீர்கள்.

பேச்சு தோற்றுப்போனாலும் நஷ்டமில்லை. வழக்கு நின்ற இடத்திலிருந்தே மறுபடி தொடங்கும். இடைக்கால ஜீவனாம்சம் ஏற்கெனவே உத்தரவாகியிருந்தால், சமரசம் நடக்கிறது என்று சொல்லி அவர் அதை நிறுத்த முடியாது.

அமர்வுக்கு உங்கள் வக்கீலும் கூட வரலாம். ஒப்பந்த வரைவை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு, அடுத்த அமர்வில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. வக்கீல் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். தொலைபேசியில் கேட்க எண் 15100.