கேமரா கேள்வி – பதில்: கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ்கள்

கேள்வி: என் மிரர்லெஸ் கேமராவுக்கு, வேறொரு நிறுவனம் தயாரித்த, கையால் மட்டுமே ஃபோகஸ் செய்யக்கூடிய 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை வாங்கினேன். முதலில் ஷட்டரே இயங்கவில்லை. மெனுவில் ‘லென்ஸ் இல்லாமலும் இயங்கு’ என்பதைத் தேர்ந்த பிறகுதான் இயங்கியது. ஆனால், கண்ணோரம் சிவப்புக் கோடுகள் ஒளிர்ந்ததைப் பார்த்தே எடுத்த முகப்படங்கள்கூட, பெரிதாக்கினால் மங்கலாக இருக்கின்றன. லென்ஸில் குறையா?

பதில்: பெரும்பாலும் லென்ஸில் குறை இருக்காது. மின் தொடர்புப் புள்ளிகள் இல்லாத லென்ஸைக் கேமராவால் அடையாளம் காண முடியாது என்பதால்தான் ஷட்டர் மறுத்தது. அதைச் சரியாகவே தீர்த்திருக்கிறீர்கள்.

மங்கலுக்கு முதற்காரணம், அந்தச் சிவப்புக் கோடுகளை முழுமையாக நம்பியதுதான். ஃபோகஸ் பீக்கிங் என்னும் அந்த வசதி, திரைக்கு வரும் சிறிய முன்னோட்டப் படத்தில் ஒளிவேறுபாடு மிகுந்த விளிம்புகளைத் தேடி வண்ணமிடுகிறது. ஆகவே, உண்மையில் கூர்மையாக விழும் பகுதியைவிட அகலமான பகுதியையே அது காட்டும். முழு ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள சென்சார் கொண்டது) 1 மீட்டர் தொலைவிலிருந்து எஃப் 1.4-இல், அதாவது லென்ஸின் ஒளித்துளையை அகலத் திறந்து, எடுக்கும்போது, கூர்மை நிற்கும் ஆழம் ஏறத்தாழ 3 செ.மீ. மட்டுமே. கோடுகள் புருவத்திலும் இமையிலும் மூக்கு நுனியிலும் ஒரே நேரத்தில் ஒளிரலாம். ஆனால் மூக்கு நுனியில் ஃபோகஸ் நின்றுவிட்டால் கண் தப்பிவிடும்.

எனவே பீக்கிங்கை இடத்தைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, முடிவைப் பெரிதாக்கிய காட்சியில் எடுங்கள். பெரிதாக்கும் வசதியைக் கைவிரல் எட்டும் பொத்தான் ஒன்றில் அமைத்துக்கொள்வதைத்தான் நான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். கண்ணைப் பெரிதாக்கி, வளையத்தை மெதுவாகத் திருப்பினால், ஒன்றாய்க் குழம்பியிருந்த கீழிமை மயிர்கள் தனித்தனியாகப் பிரியும். சற்றுத் தாண்டிச் சென்று அவை மீண்டும் குழம்புவதையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து நிறுத்துங்கள். நிறுத்தியவுடன் படமெடுத்துவிட வேண்டும், ஏனெனில் நீங்களோ எதிரில் இருப்பவரோ மூச்சுவிடும் அசைவே அந்த 3 செ.மீ.யைத் தின்றுவிடும். படமெடுக்கப் போகும் அப்பெர்ச்சரிலேயே (ஒளித்துளையின் அளவிலேயே) ஃபோகஸ் செய்வதும் முக்கியம், எஃப் 1.4-இல் ஃபோகஸ் செய்துவிட்டு 2.8-க்கு மாற்றினால், சில லென்ஸ்களில் ஃபோகஸ் தளம் சற்று நகர்ந்துவிடுகிறது.

இன்னொன்று, எளிதில் கண்ணில் படாதது. உங்கள் கேமராவில் சென்சாரை அசைத்து நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருந்தால், லென்ஸின் குவியத் தூரத்தை (உங்கள் லென்ஸில் 50 மி.மீ.) மெனுவில் நீங்களே பதிய வேண்டும். 50-க்குப் பதில் முன்பு பதிந்த 135 அப்படியே இருந்தால், கேமரா தேவைக்கு மேல் ஈடுசெய்து, இல்லாத மங்கலைத் தானே உண்டாக்கும். சென்சார் சிறியதானாலும் லென்ஸில் பொறித்துள்ள எண்ணையே பதியுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஐயம் நீங்காவிட்டால், கேமராவை முக்காலியில் வைத்து, நடுக்கக் குறைப்பை நிறுத்தி, சுவரில் ஒட்டிய அச்சுத்தாளை எஃப் 4-இல் எடுத்துப் பாருங்கள். நடுவிலுள்ள எழுத்துகள் அதிலும் தெளியவில்லை என்றால் மட்டும் லென்ஸைத் திருப்பிக் கொடுங்கள்.

கேள்வி: பழைய நிக்கான் எஃப் லென்ஸை அடாப்டர் வழியாக நிக்கான் இசட் கேமராவில் மாட்டினால், முடிவிலிக் குறிக்கு (∞) முன்பே தொலைதூர மலை தெளிந்துவிடுகிறது. ஏன்?

பதில்: எஃப் மவுண்டிலிருந்து (லென்ஸைக் கேமராவில் மாட்டும் வளையம்) படம் பதியும் தளம் 46.5 மி.மீ. தொலைவிலும், இசட் மவுண்டிலிருந்து 16 மி.மீ. தொலைவிலும் உள்ளது, இடைவெளியான 30.5 மி.மீ.யை அடாப்டர் நிரப்ப வேண்டும். உங்களுடையது அதைவிட இம்மியளவு மெலிந்திருக்கிறது. தடித்திருந்தால் மலை ஒருபோதும் தெளியாது என்பதால், தயாரிப்பாளர்கள் பலர் வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்கிறார்கள். ஆகவே, வளையத்தை இறுதிவரை, அதாவது முடிவிலியையும் தாண்டி, திருப்பிவிட்டு நட்சத்திரங்களை எடுக்காதீர்கள். அங்கும் பெரிதாக்கிப் பார்த்தே ஃபோகஸ் செய்யுங்கள்.